கடல் எந்தப் பக்கம்?



2023 ஜூலையில் நானும் வீட்டுக்காரரும் சென்னையிலிருந்து கப்பலில் இலங்கை போய் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். படங்கள் போட்டபோதே "டீச்சர், விவரமா எழுதுங்க" என்று கேட்டீர்கள். மதுராந்தகம் அண்ணி போன் செய்யும்போதெல்லாம் கேட்பார். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. இந்தப் பயணக் கதையில் நம் பள்ளியில் படித்த ஒரு பெண்ணும் வருகிறாள். அவள் சம்மதம் இல்லாமல் எழுத எனக்கு மனம் வரவில்லை. போன வாரம்தான், "பேர் மட்டும் போடாதேங்கோ ரீச்சர், மற்றதெல்லாம் எழுதுங்கோ" என்றாள். கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

முதலில் கப்பலைப் பற்றி. எல்லோரும் அதைத்தான் அதிகம் கேட்டீர்கள்.

கோர்டெலியா நிறுவனத்தின் 'எம்ப்ரெஸ்' கப்பல். சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் போகும் இந்த உல்லாசக் கப்பலை 2023 ஜூன் 5 அன்று மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். திங்கள் கிளம்பி, செவ்வாய் முழுக்கக் கடலில் இருந்து, புதன் அம்பாந்தோட்டை, வியாழன் திருகோணமலை, வெள்ளி காங்கேசன்துறை, சனி மறுபடி சென்னை. ஐந்து இரவுகள். பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். "அந்தப் பணத்துக்குக் காசி, கயா, பிரயாகை எல்லாம் பார்த்துட்டு வந்துடலாமே" என்றார் இவர். பெண் விடவில்லை.

கப்பலின் நீளம் 211 மீட்டர். நம் செங்கல்பட்டு ஜங்ஷனில் ஒன்பது ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ கிட்டத்தட்ட அவ்வளவு. அதன் மேல் அடுக்குமாடிக் கட்டடத்தைத் தூக்கி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே லிஃப்ட், நீச்சல் குளம், நாடக அரங்கு, கடைகள் எல்லாம் உண்டு. காலையில் இட்லி, சட்னி கிடைக்கிறது. சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லை. இரவு ஆட்டம் பாட்டம் எல்லாம் இளைஞர்களுக்கு. நாங்கள் ஒன்பதரைக்கே படுத்துவிட்டோம்.

வயதானவர்கள் போவதாக இருந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பாஸ்போர்ட் கட்டாயம் வேண்டும். மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கேபின் வாங்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. செவ்வாய்க்கிழமை பகலில் எனக்குத் தலை சுற்றியது. ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொண்டு, தூரத்தில் தெரிந்த அடிவானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாலைக்குள் சரியாகிவிட்டது.

இந்தக் கப்பலுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1990-இல் பிரான்ஸ் நாட்டின் செயின்ட் நசேரில் கட்டப்பட்டது. அப்போது பெயர் 'நார்டிக் எம்ப்ரெஸ்'. அமெரிக்காவின் மியாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கும், பிறகு கரீபியன் தீவுகளுக்கும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பல வருடங்கள் ஓடியிருக்கிறது. கியூபாவின் ஹவானாவுக்குக்கூடப் போயிருக்கிறது. கை மாறி, பெயர் மாறி, முப்பது வயதுக்கு மேல் நம் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு டியூஷன் எடுக்கும் வாத்தியார் மாதிரி என்றார் இவர்.

கரீபியன் என்றதும் உங்களுக்குக் கிரிக்கெட் நினைவு வரும். எனக்கு வேறொன்று நினைவு வந்தது. 1853-இல் மார்த்தினிக் தீவுக்கும், 1854-இல் குவாதலூப் தீவுக்கும் பிரெஞ்சுக்காரர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களைக் கப்பலில் கொண்டுபோனார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்களில் தமிழர்கள் ஏராளம். பாய்மரக் கப்பலில் மாதக் கணக்கில் பயணம். பேரப் பிள்ளைகளுக்கு மொழி போய்விட்டது. ஆனால் அங்கே இன்றும் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. தீவு தீவாகப் போய் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது இந்தக் காலத்துக் கப்பல் பயணம். அன்றைக்குத் தீவில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை.

நம் ஊருக்கும் ஒரு கப்பல் கதை உண்டு. என் அப்பா செங்கல்பட்டு ஜங்ஷன் பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவர். 'போட் மெயில்' என்று அவர் சொல்லும்போதே குரலில் ஒரு மிடுக்கு இருக்கும். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ஏறினால் செங்கல்பட்டு வழியாகத் தனுஷ்கோடி. அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார். மறுபடி ரயிலில் கொழும்பு. எழும்பூரிலேயே கொழும்புக்கு டிக்கெட் வாங்கிவிடலாம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அந்த வழியும் போனது. அப்போது நான் சின்னப் பெண். அதனால் இலங்கை என்பது எங்கள் வீட்டில் வெளிநாடாகவே பேசப்பட்டதில்லை. விழுப்புரம், விருத்தாசலம், திருச்சி என்று சொல்லிக்கொண்டே போனால் வரிசையில் வருகிற ஊர்களில் கொழும்பும் ஒன்று.

திங்கள் இரவு சாப்பிட்டு முடித்து மேல் தளத்துக்குப் போனோம். மேற்கே வெகு தூரத்தில் ஒரு வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது. "மாமல்லபுரம் லைட் ஹவுஸ்" என்றார் இவர். கல்பாக்கமாகவும் இருக்கலாம் என்றேன். எதுவானாலும் அது நம் கரைதான். அந்தக் கரையைக் கடலிலிருந்து நான் பார்த்தது அதுவே முதல் முறை. ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எத்தனை தடவை கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் அழைத்துப் போயிருப்பேன்! "கடல் கிட்டப் போகாதே" என்று கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

உங்களில் சிலருக்கு மானவர்மன் கதை நினைவிருக்கலாம். ஏழாம் நூற்றாண்டில் இலங்கை இளவரசன் ஒருவன் நாட்டை இழந்து, நரசிம்மவர்ம பல்லவனிடம் வந்து தஞ்சம் புகுந்தான். பல்லவனோடு சேர்ந்து சாளுக்கியரை எதிர்த்துப் போரிட்டான். மாமல்லன் அவனுக்குக் கப்பற்படை கொடுத்து அனுப்பினான். முதல் முறை தோல்வி. திரும்பி வந்தவனைக் கைவிடாமல் மறுபடியும் படை கொடுத்தான். இரண்டாம் முறை மானவர்மன் வென்று அரசனானான். இலங்கையின் மகாவம்சமே இந்தக் கதையைச் சொல்கிறது. கல்கியின் 'சிவகாமியின் சபத'த்திலும் இவன் வருகிறான். வகுப்பில் நான் இதை வீரக் கதையாகத்தான் சொல்வேன். கப்பலின் மேல் தளத்தில் நின்றபோது அது ஓர் அகதியின் கதையாகத் தோன்றியது. வந்தவனுக்கு இடம் கொடுத்தார்கள். திரும்பிப் போகவும் வழி செய்து கொடுத்தார்கள்.

சரி, ஊர்களுக்கு வருகிறேன்.

அம்பாந்தோட்டை இலங்கையின் தென்கோடி. 'சம்பான்' என்ற படகும் துறையைக் குறிக்கும் 'தொட்ட' என்ற சிங்களச் சொல்லும் சேர்ந்து உண்டான பெயர் என்கிறார்கள். சம்பான் நமக்கும் தெரிந்த சொல்தானே! 2010-இல் திறந்த பெரிய துறைமுகம். 2017-இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போய்விட்டது. பஸ்ஸில் சுற்றிக் காட்டினார்கள். உப்பளங்கள், மயில்கள், அகலமான காலிச் சாலைகள். வழியில் சுனாமி நினைவிடம் ஒன்றை ஓட்டுநர் காட்டினார். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அங்கே ஞாயிறுதான் சந்தை நாளாம். சந்தைக்கு வந்த கூட்டத்தோடு கடல் கொண்டுபோய்விட்டது. பஸ்ஸில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நம் கரையிலும் அதே காலைதான், அதே அலைதான். கல்பாக்கத்திலும் மீனவக் குப்பங்களிலும் நாம் யார் யாரை இழந்தோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது பாறைகள் தெரிந்தன என்பார்கள். சாளுவன்குப்பத்தில் அலை மணலை அரித்துக் கல்வெட்டை வெளிக்காட்ட, அதைப் பிடித்துக்கொண்டு தோண்டிப் பழைய முருகன் கோயிலைக் கண்டெடுத்தார்கள். ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. என் நெஞ்சைத் தொட்டு, "மகாபலிபுரம், சுனாமி" என்றேன். அவர் தலையை ஆட்டினார். இறங்கும்போது கைப்பிடித்து இறக்கிவிட்டார்.

திருகோணமலை கண்ணுக்கு நிறைந்த ஊர். மலைகள் சூழ்ந்த இயற்கைத் துறைமுகம். கோணேசுவரர் கோயிலுக்குக் கோட்டைக்குள் நுழைந்து ஏற வேண்டும். கோட்டைக்குள் மான்கள் ஆடு மாடு போலத் திரிகின்றன. சம்பந்தர் பாடிய தலம். தேவாரப் பாடல் பெற்ற இலங்கைத் தலங்கள் இரண்டே இரண்டு, மற்றது திருக்கேதீச்சரம். பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்து, கல்லைக் கோட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலுக்கடியில் மூழ்கி, கோயிலின் இடிபாடுகளைப் பார்த்திருக்கிறார்கள். இராவணன் வெட்டு என்ற பிளவில் எட்டிப் பார்த்தால் கீழே கடல் நீலமாகக் கொதிக்கிறது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இவர் ஏழையும் வாளியால் இறைத்து ஊற்றிக்கொண்டுதான் கிளம்பினார்.

இனி காங்கேசன்துறை. அதற்கு முன் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1990-க்குப் பிறகு முகாம் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் நம் பள்ளியில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி நான்காம் வகுப்பில் என்னிடம் வந்தாள். ஒல்லியாக, எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னலோடு. "டீச்சர்" என்று அவளுக்கு வராது. "ரீச்சர்" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருநாள் திசைகள் பாடம். "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் "கிழக்கு" என்று கத்தியது. இவள் மட்டும் எழுந்து, "எங்கட ஊரில வடக்குப் பக்கம் ரீச்சர்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "கடல்ல இருந்துதானே சூரியன் வரும், வடக்குல எப்படி வரும்?" என்று ஒரு பையன் கேட்டான். (இப்போது அவன் பெரிய இன்ஜினியர். படித்துக்கொண்டுதான் இருப்பான்.) நான் ஆசியா வரைபடத்தை விரித்து, இலங்கையின் தலையைக் காட்டினேன். காங்கேசன்துறை, கீரிமலை, வல்வெட்டித்துறை எல்லாம் வடக்குக் கரை. கடலும் அங்கே வடக்கில்தான். "இவள் சொன்னதுதான் சரி" என்றதும் வகுப்பு அடங்கியது. அவள் உட்காராமல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியபோது பலாலி முகாமைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். பிறகு அந்தப் பகுதி முழுவதும் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. இவள் குடும்பம் அப்படிக் கிளம்பி, மன்னார் வந்து, இரவில் மீன்பிடிப் படகில் ராமேசுவரம் சேர்ந்தது. அங்கிருந்து மண்டபம் முகாம். அந்த முகாமே ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் நம் கூலியாட்களைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பக் கட்டியது. போகிறவர்களுக்குக் கட்டிய இடத்தில் வந்தவர்கள் தங்கினார்கள்.

அவள் நன்றாகப் படித்தாள். என்னைப் போலவே ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்தாள். ஆனால் அரசுப் பள்ளி வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இந்தியக் குடியுரிமை வேண்டும். பகலில் ஒரு தனியார் பள்ளியில் குறைந்த சம்பளம், மாலையில் முகாம் பிள்ளைகளுக்குப் பாடம். இப்படியே இருபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டது. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. "பேர் நல்லா இருக்கு ரீச்சர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் கப்பலில் போவது தெரிந்து போன் செய்தாள்.

"ரீச்சர், காங்கேசன்துறைக்கும் போறீங்களாமே?"

"ஆமாம்மா. நீயும் வாயேன், ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்."

"பாஸ்போர்ட் இல்லையே ரீச்சர். போறதெண்டால் பதிஞ்சு, ஒரேயடியாப் போகலாம். பார்த்திட்டுத் திரும்பி வாறதுக்கு வழி இல்லை. பிள்ளைகள் இங்கதானே படிக்குதுகள்."

பிறகு, அம்மா கீரிமலைத் தண்ணீர் கொஞ்சம் கேட்பதாகச் சொன்னாள். "முடிஞ்சால் மட்டும் ரீச்சர். கடலையும் ஒரு படம் எடுங்கோ."

வெள்ளிக்கிழமை காலை காங்கேசன்துறையில் இறங்கினோம். அந்தத் துறைமுகத்துக்கு இந்தக் கப்பல் வரத் தொடங்கி அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வரவேற்பு பலமாக இருந்தது. கரையில் நின்று கடலைப் பார்த்தேன். காலைச் சூரியன் என் வலது தோள் பக்கம் இருந்தது. அப்படியானால் எதிரே இருப்பது வடக்கு. கடலும் எதிரேதான். இந்த வயதில் எனக்கு அது ஒரு புதுப் பாடம் போல இருந்தது. முப்பது வருடங்களுக்கு மேல் 'கிழக்கே வங்காள விரிகுடா' என்று சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தக் கரையில் நிற்பவருக்கு நாம்தான் வடக்கு, கடலுக்கு அந்தப் பக்கம்.

கீரிமலை பக்கத்திலேயே இருக்கிறது. நகுலேசுவரர் கோயில். கடலை ஒட்டிக் கேணி. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. இரண்டடி தள்ளிக் கடல் அலை அடிக்க, கேணியில் ஊற்று நீர். ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குக் கடன் செய்ய ஜனங்கள் கூடும் இடம். பெண்கள் கேணியில் இறங்கி, ஒரு சிறு பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். வழி நெடுக ஓடு இல்லாத வீடுகளும், சுவரைப் பிளந்து வளர்ந்த மரங்களும் இருந்தன. புதுப் பெயின்ட் அடித்த வீடுகளும் நடுநடுவே இருந்தன.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தனைத் தரிசித்துவிட்டு, பொது நூலகம் போனோம். மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போக, நான் அங்கேதான் நின்றேன். வெள்ளைக் கட்டடம், முன்னால் சரஸ்வதி சிலை. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்தது. நம் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக அமைப்புக்கு ஆலோசனை சொன்னார். 1981 மே 31 நள்ளிரவு தாண்டி அதை எரித்தார்கள். சுமார் 97,000 நூல்களும் ஓலைச் சுவடிகளும் சாம்பல். இப்போது திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். வாசிப்பறையில் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததில்தான் மனசு கொஞ்சம் ஆறியது.

கப்பலில் ஏறும்போது சோதனையில் பாட்டிலை எடுத்து, "என்ன இது?" என்றார்கள். "கோயில் தீர்த்தம்" என்றேன். விட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்த மறுவாரம் முகாமுக்குப் போனேன். அவள் அம்மாவுக்கு எழுபத்தைந்து இருக்கும். பாட்டிலை வாங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, நாக்கில் வைத்துப் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். "ஓம், அதே உப்புத்தான்" என்றார். மகள் என் செல்போனில் இருந்த கடல் படத்தைத் தன் பிள்ளைகளுக்குக் காட்டி, "இது எந்தப் பக்கம் சொல்லுங்கோ பார்ப்பம்" என்றாள். இரண்டும் "கிழக்கு" என்றன. அவள் சிரித்தாள். பிறகு தரையில் சாக்பீஸால் இலங்கையை வரைய ஆரம்பித்தாள். நன்றாகவே வரைந்தாள். என்னிடம் படித்தவள் அல்லவா!

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சில மணி நேரப் பயணம்தான். உல்லாசக் கப்பல் வேண்டாம் என்பவர்கள் அதில் போகலாம். போனால் கீரிமலையையும் நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், தாலுகா ஆபீசிலும் கலெக்டர் ஆபீசிலும் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள், பத்திரிகையில் இருக்கிறீர்கள். உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பிள்ளைக்கு இந்த ஊரில் முப்பத்தைந்து வருடம் ஆகப் போகிறது. அவள் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். அவர்களுக்குக் குடியுரிமைக்கோ, குறைந்தபட்சம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் அனுமதிக்கோ சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். பொதுவில் வேண்டாம், அவள் சங்கடப்படுவாள். மனு எழுத வேண்டுமென்றால் நான் எழுதுகிறேன். என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணி, படங்கள் மறுபடி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
செங்கல்பட்டு